கோலாட்டத்துக்கு ஒரு தவில் லூப்

காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. பிள்ளைகள் கோலாட்டம் ஆடுகிறார்கள். சொல்லிக்கொடுக்கும் டீச்சர் கேட்டது இவ்வளவுதான்: ஆறு நிமிடம் நிற்காமல் ஓடுகிற தவில், நடுவில் வேகம் மாறக் கூடாது, பின்னால் லேசாகச் சுருதி. நெட்டில் கிடைக்கிற டோலக் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒலித்துண்டு, நாலைந்தைப் போட்டுக் காட்டினேன். "இது கல்யாண வீட்டுச் சத்தமா இல்லையே தம்பி, ஆர்கெஸ்ட்ரா மாதிரில்ல இருக்கு" என்று ஒரே போடாகத் தள்ளிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான். தவிலின் வலது முகமான வலந்தலையில், விரலில் மாட்டும் விரல்கூடு விழுகிற அந்தச் சத்தம் வேறு எதிலும் வராது.

ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. அதனால் தவில் வாசிக்கும் அண்ணன் உடனே சம்மதித்தார். அவர் வீடு பஸ் போகிற ரோட்டோரம் என்பதால் பதிவைப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டில் வைத்துக்கொண்டோம். விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடு. சாவி வைத்திருக்கும் ஆச்சி, "விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிச்சிருங்கப்பா" என்று திறந்துவிட்டுப் போனார்.

செட்டிநாட்டு வீட்டில் ஒலி பதிந்தவர்களுக்கு நான் சொல்ல வருவது தெரியும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பர்மா தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகிய வழவழப்பான சுண்ணாம்புச் சுவர். சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவுமே இல்லை. முகப்பை அடுத்த கூடத்தில் ஒரு தட்டு தட்டினால் ஒரு செகண்டுக்கு மேல் கார்வை, அதாவது அடிக்குப் பின் நீளும் அதிர்வு, நிற்கிறது. கேட்க அழகு, லூப் வெட்டுகிறவனுக்குத் தலைவலி. இரண்டு ஜமுக்காளத்தை விரித்து அண்ணனை அதன் மேல் உட்கார வைத்தேன். மைக்கை மூன்றடி தள்ளி, வலந்தலைப் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். தவில் அடிக்கிற அடியில் மீட்டர் எப்போது சிவப்புக்குப் போகும் என்று சொல்ல முடியாது. 24 பிட்டில் குறைவாகப் பதிந்து பிறகு ஏற்றிக்கொண்டால் இரைச்சல் ஒன்றும் கூடிவிடாது.

காதில் தாளம் தட்டும் மெட்ரோனோம் போட்டுப் பார்த்தோம். "டக்டக்னு எவனோ அடிச்சா எனக்குக் கை ஓடாதுப்பா" என்று கழற்றி வைத்துவிட்டார். எட்டு அடி, ஒவ்வொரு அடியிலும் தகிட என்று மூன்று சொல், அதையே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். தவில்காரர்களிடம் கேட்கக் கூடாத கேள்வி இதுதான். ஒரே சொல்லை மாற்றாமல் வாசிக்க அவர்கள் கை ஒப்பாது. நாலு சுற்றுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு சின்னத் தீர்மானம், அதாவது சுற்றை முடித்து வைக்கும் சொற்கட்டு, தானாக வந்து உட்கார்ந்தது. அது நல்லதாகவே போயிற்று, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டரில் இருந்த ஃபைலை 'மூலம்' என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, அதை ரீட் ஒன்லி ஆக்கி, ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வைத்தேன். இந்த ஃபைலை எந்த மென்பொருளிலும் நேராகத் திறப்பதில்லை. வேலையெல்லாம் பிரதியில்தான்.

ஒலியைத் திருத்த இரண்டு மென்பொருள்: சுத்தம் செய்ய ஆடாசிட்டி, லூப் அடுக்க ரீப்பர். செய்ததைத் திரும்பப் பெறும் அன்டூ இரண்டுக்கும் இருக்கிறது, இரண்டிலும் கண்ட்ரோல் இசட்தான். ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. இது தெரியாமல் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் நிறையப் பேர்.

ஆடாசிட்டியில் எஃபெக்ட் மெனுவில் இருந்து ஒன்றைப் போட்டால் அது ஒலியின் எண்களையே மாற்றி எழுதிவிடும். திரும்பப் போக வேண்டும் என்றால் பழைய எண்கள் எங்காவது இருக்க வேண்டும், இல்லையா? அதற்காக மாறிய பகுதியின் பழைய வடிவத்தையும் பிராஜெக்ட் ஃபைலுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் இதன் எடை தெரியும். உள்ளே ஒரு சாம்பிளுக்கு, அதாவது ஒலியின் ஒவ்வொரு எண்ணுக்கும், நாலு பைட். 48,000 சாம்பிள், ஸ்டீரியோ, ஆக ஒரு செகண்டுக்கு 3,84,000 பைட். இருபது நிமிடப் பதிவு 460 எம்பி. அதன் மேல் முழு நீளத்துக்கும் ஒரு எஃபெக்ட் போட்டால் இன்னொரு 460. ஐந்து எஃபெக்ட் போட்டுப் பார்த்தால் பிராஜெக்ட் இரண்டரை ஜிபியைத் தாண்டிவிடும். ஆனால் நடுவில் இரண்டு செகண்டுக்கு மட்டும் ஃபேடு போட்டால் அந்த இடத்தின் துண்டுகள் மட்டும் புதிதாகச் சேரும். வெட்டி ஒட்டுவதற்கு ஏறக்குறைய இடமே பிடிக்காது. ஹிஸ்டரி ஜன்னலைத் திறந்தால் எந்தப் படி எத்தனை எம்பி என்று வரிசையாகக் காட்டும். டிஸ்க் நிரம்பினால் பழைய படிகளை அங்கேயே டிஸ்கார்ட் செய்யலாம்.

இதில் இரண்டு விஷயம் மனதில் இருக்க வேண்டும். ஒன்று, ஐந்து படி பின்னால் போய் அங்கே புதிதாக எதையாவது செய்தால், முன்னால் இருந்த அந்த ஐந்தும் போச்சு, ரீடூ வராது. இரண்டாவது, பிராஜெக்டை மூடியதும் ஹிஸ்டரி முழுக்கப் போய்விடும். சேவ் செய்திருந்தாலும் அப்படித்தான். மறுநாள் காலையில் திறந்தால் அன்டூ சாம்பல் நிறத்தில் இருக்கும், ஃபைலும் நேற்றை விடச் சிறுத்திருக்கும். அதனால் பெரிய மாற்றம் எதற்கும் முன்னால் பேக்கப் பிராஜெக்ட் ஒன்று போட்டுவிடுவேன். 2021 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் இருந்து எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிட்டதால் இது சுலபம். அதற்கு முன்னால் கூடவே ஒரு டேட்டா ஃபோல்டர் நிறையக் குட்டிக் குட்டி ஃபைலாக இருக்கும், அந்த ஃபோல்டரை விட்டுவிட்டு பிராஜெக்டை மட்டும் காப்பி அடித்தவர்களின் கதைகள் தனி. 2022-இல் 3.2 வந்தபின் ஈக்யூ போன்றவற்றை டிராக்கின் மேல் ரியல் டைமாகவே மாட்டிக் கழற்றலாம், எண்கள் மாறாது. நாய்ஸ் ரிடக்‌ஷன் மட்டும் இன்னும் பழைய வழிதான்.

எனக்குத் தேவைப்பட்டது இரைச்சலைக் குறைக்கும் அந்த நாய்ஸ் ரிடக்‌ஷன்தான். வீட்டின் நடு முற்றமான வளவு திறந்த வெளி, புறா எங்கிருந்தாவது ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. அது போகாது, அதற்கு இந்த எஃபெக்ட் மருந்தும் இல்லை; நின்று இரைகிற சத்தத்துக்குத்தான் இது. தூரத்தில் ஏதோ ஒரு மோட்டார் இரைச்சல் இருந்தது. யாரும் வாசிக்காத மூன்று செகண்டைக் காட்டி நாய்ஸ் புரொஃபைல் எடுத்து, மிதமாகக் குறைத்தேன். இங்கே ஒரே ஒரு ஒழுங்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். முன்னால் இருக்கிற பேச்சு, இருமல், "ஆரம்பிக்கலாமா" எதையும் வெட்டவில்லை. சுத்தம் செய்த ஃபைலும் மூல ஃபைலும் ஒரு சாம்பிள்கூடப் பிசகாமல் ஒரே நீளம். இதன் பலன் கடைசியில் தெரிந்தது.

இனி வெட்டு.

முதலில் வேகத்தைப் பார்த்தேன். எட்டு அடிச் சுற்று ஆரம்பத்தில் 4.95 செகண்டு இருந்தது, கடைசியில் 4.6. அதாவது நிமிடத்துக்கு 97 அடியில் தொடங்கி 104-க்கு ஏறியிருக்கிறார். கை சூடேறினால் எல்லோரும் ஏறத்தான் செய்வார்கள். ஒரு சுற்றை மட்டும் எடுத்து ஓட்டினால் ஆறு நிமிடத்தில் அது 75 தடவை வரும். அதில் இடது முகமான தொப்பியில் ஒரு அடி கொஞ்சம் தூக்கலாக விழுந்திருந்தால் 75 தடவையும் அதே இடத்தில் ஆணி அடிக்கிற மாதிரி காதில் இறங்கும். அதனால் நாலு சுற்றாக எடுத்தேன். அண்ணனாகப் போட்ட தீர்மானத்தோடு அது முடிவதால் காதுக்கு ஒரு வாக்கியம் முடிந்த நிறைவு வருகிறது. நடுப்பகுதியில் தேடியதில் நாலு சுற்று 4.81, 4.79, 4.78, 4.80 என்று கிடைத்தது. மொத்தம் 19.18 செகண்டு, 32 அடி, சராசரி 100.1. உள்ளே இருக்கிற நூறில் ஒரு பங்கு செகண்டு ஏற்ற இறக்கத்தை நான் தொடவே இல்லை, அது கையின் உயிர். பார்க்க வேண்டியது ஒன்றே: முதல் சுற்றின் வேகமும் கடைசிச் சுற்றின் வேகமும் ஒட்டிப் போகிறதா என்று. போகிறது. ரீப்பரின் டெம்போவை 100.1 என்று லூப்புக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். டெம்போவுக்காக ஒலியை இழுப்பது தலைகீழ் வேலை.

வெட்டுகிற இடத்தில் 'டிக்' என்று சத்தம் வரக் கூடாது. அலை மேலே இருக்கும்போது வெட்டி, கீழே இருக்கும் இடத்தோடு ஒட்டினால் ஸ்பீக்கர் கூம்பு ஒரே தாவாகத் தாவ வேண்டியிருக்கிறது, அதுதான் டிக். அலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கிற இடத்தில் வெட்ட வேண்டும். ஆடாசிட்டியில் தேர்ந்தெடுத்துவிட்டு இசட் கீயை அமுக்கினால் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்துக்குப் போய் நிற்கும். ஆனால் ஸ்டீரியோவில் இடது சேனல் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது வலது இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பூஜ்ஜியமாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு முனையில் அலை ஏறிக்கொண்டும் இன்னொரு முனையில் இறங்கிக்கொண்டும் இருந்தால் அங்கேயும் ஒரு முனை தட்டும். ஆகவே இரண்டு மூன்று மில்லிசெகண்டு கிராஸ்ஃபேடு, அதாவது ஒரு துண்டு தேயத் தேய மற்றது ஏறுகிற ஒட்டு, கொடுத்துவிடுவதே நிம்மதி.

இதைவிடப் பெரிய விஷயம் கார்வை. முதல் முயற்சியில் பலர் செய்வது, வாசிப்பின் முதல் சுற்றை எடுத்து லூப் போடுவது. அங்கே முதல் அடிக்கு முன்னால் அமைதி. கடைசி அடிக்குப் பின்னால் கூடம் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கிறது. லூப் திரும்பும் இடத்தில் அந்த அதிர்வு பட்டென்று அறுந்து, அமைதியில் முதல் அடி விழும். டிக் சத்தம் இல்லை, கணக்கும் சரி, ஆனாலும் ஒவ்வொரு திரும்பலிலும் யாரோ கதவைச் சாத்துகிற உணர்வு. இதற்கு எந்த எஃபெக்டும் வேண்டாம். நடுவில் இருந்து எடுத்தால் போதும். நான் எடுத்த நாலு சுற்றுக்கு முந்தைய நாலும் அதே தீர்மானத்தில்தான் முடிகிறது. ஆகவே என் லூப்பின் முதல் அடிக்கு அடியில் அந்த முந்தைய தீர்மானத்தின் கார்வை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. முடிவில் அறுபடுவதும் அதே கார்வை. இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்கின்றன. வெட்டை முதல் அடியின் மேலேயே வைக்காமல் அதற்கு 5 மில்லிசெகண்டு, அதாவது 240 சாம்பிள் முன்னால் வைத்தேன். முடிவிலும் அடுத்த சுற்றின் முதல் அடிக்கு அதே 240 சாம்பிள் முன்னால். விரல்கூடு தோலில் படும் முதல் கூர்மை அந்த இடைவெளிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது.

ரீப்பரில் ஒரு ஐட்டத்தின், அதாவது டிராக்கில் வைத்த ஒலித்துண்டின், வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தால் அது தானாகத் திரும்ப ஓடும். ஆனால் ஓடுவது முழு ஃபைல். நாலு சுற்றுக்கு வெட்டி வைத்துவிட்டு இழுத்தால் ஐந்தாவது சுற்றுதான் எட்டிப் பார்க்கும், முதல் சுற்று வராது. புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள். க்ளூ செய்து அந்தத் துண்டைத் தனி ஃபைலாக்குவது ஒரு வழி. நான் அதைத் தவிர்த்து, எஃப் 2 அமுக்கி ஐட்டம் பிராபர்ட்டீஸில் செக்‌ஷன் என்பதை டிக் செய்து, தொடக்கமும் நீளமும் கொடுத்து, லூப் சோர்ஸையும் ஆன் செய்தேன். இப்போது இழுத்தால் அந்த 19.18 செகண்டு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. 19 தடவை, ஆறு நிமிடம் நாலு செகண்டு.

ஒட்டு சரியா என்று பார்க்க முழு லூப்பையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒட்டின் இரு புறமும் அரை அரை செகண்டு டைம் செலக்‌ஷன் போட்டு, ரிப்பீட்டை ஆன் செய்து, திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். பார்த்துக்கொண்டே கேட்டால் கோடு வரும் இடத்தில் இல்லாத டிக்கெல்லாம் கேட்கும்.

சுருதியில் வேறு விதமான மல்லுக்கட்டு. பிள்ளைகள் பாடுவது ஐந்து கட்டை. துருத்தி வைத்த பழைய சுருதிப்பெட்டியில் பதிந்திருந்தேன். துருத்தி விரிந்து சுருங்குவதில் சத்தம் மூச்சு விடுவதைப் போல ஏறி இறங்குகிறது. மூச்சு ஏறும் இடத்தில் தொடங்கினால் ஏறும் இடத்திலேயே முடிய வேண்டும், அதற்கு அலைவடிவத்தைப் பார்த்தே முனைகளைக் குறித்துவிடலாம். அடி எதுவும் இல்லாத நீள ஒலி என்பதால் இரண்டு செகண்டு கிராஸ்ஃபேடு போட்டேன். ஒட்டின் நடுவில் சத்தம் குழிந்து, மூக்கால் பாடுவது போலாயிற்று. காரணம் எளிது. ஐந்து கட்டை சட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸ், ஒரு அலையின் நீளம் 5.1 மில்லிசெகண்டு. மேலே ஏறுகிற துண்டும் இறங்குகிற துண்டும் அதில் பாதி, அதாவது இரண்டரை மில்லிசெகண்டு விலகி இருந்தால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து அடிச் சுருதியையே கரைத்துவிடும். ஒரு துண்டை அரை மில்லிசெகண்டாக நகர்த்திக்கொண்டே வந்தேன். ஒரு இடத்தில் குழி நிரம்பியது. வளைவின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு துண்டும் இப்படி அலைக்கு அலை பொருந்தினால் நேர்கோட்டு ஃபேடு சரி, நடுவில் தூக்கிப் பிடிக்கும் ஈக்வல் பவர் வளைவை வைத்தால் நடுவில் 3 டெசிபல் புடைக்கும். மழைச் சத்தம், கூட்டத்து இரைச்சல் போலப் பொருத்தமே இல்லாத ஒலிகளுக்கு இதன் தலைகீழ்.

கேட்டுப் பார்த்து அனுப்பினேன். இரண்டு நாளில் டீச்சரிடம் இருந்து போன்.

"தம்பி, மொதல்ல ஒண்ணு அனுப்புனீங்கள்ல, சும்மா கேட்டுப் பாக்கச் சொல்லி. அதுல மேளம் அப்படியே வீடு அதிர்ற மாதிரி இருந்துச்சு. இது சுத்தமாத்தான் இருக்கு, ஆனா டப்பாவுக்குள்ள அடிக்கிற மாதிரி இருக்கே."

"டீச்சர், அதுல மோட்டார் சத்தம் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும். பிள்ளைங்க கம்பு அடிக்கிற சத்தத்துல அது யாருக்குக் கேக்கப் போகுது?"

மறுக்க முடியாத வாதம். மிதமாகப் போட்ட நாய்ஸ் ரிடக்‌ஷன்கூடக் கார்வையின் வாலைத் தின்றிருக்கிறது. ஹெட்போனில் மோட்டார் இரைச்சலையே தேடிக்கொண்டிருக்கும் காதுக்கு அது தெரியாது. ஆடாசிட்டி பிராஜெக்ட் எப்போதோ மூடியாயிற்று, அங்கே கண்ட்ரோல் இசட் கிடையாது. ரீப்பரில் பின்னால் போனால் லூப் வெட்டிய வேலையெல்லாம் சேர்ந்து போகும், அதுவும் வேண்டாம். நடுவில் செய்த ஒரே ஒரு காரியத்தை மட்டும் உருவி எடுக்க வேண்டும். இந்த இரண்டு மென்பொருளின் அன்டூவும் இதைச் செய்யாது, அது கடைசியில் இருந்து வரிசையாகத்தான் பிரிக்கும்.

இங்கேதான் அந்த ஒரே நீள ஒழுங்கு கைகொடுத்தது. ரீப்பர் ஒலியைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. எந்த ஃபைல், எத்தனையாவது செகண்டில் இருந்து, எவ்வளவு நீளம், எத்தனை தடவை என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கிறது. அந்தக் குறிப்பு இருக்கும் ஆர்பிபி ஃபைல் வெறும் டெக்ஸ்ட்தான், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். ரீப்பரை மூடிவிட்டு, ஆர்பிபிக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, உள்ளே சுத்தம் செய்த ஃபைலின் பெயர் இருந்த இடத்தில் மூல ஃபைலின் பிரதிப் பெயரை எழுதினேன். திறந்தால் அதே வெட்டு, அதே ஒட்டு, அதே 19 சுற்று, உள்ளே ஓடுவது மட்டும் பழைய ஒலி. செக்‌ஷனுக்குப் பதில் க்ளூ செய்திருந்தால் லூப் வேறொரு புதிய ஃபைலாகியிருக்கும், இந்த வழி அடைபட்டிருக்கும்.

ரீப்பரின் அன்டூ பற்றியும் இரண்டு வார்த்தை. கண்ட்ரோல் ஆல்ட் இசட் அமுக்கினால் படிகளின் பட்டியல் பெயரோடு வரும், எதைத் தொட்டாலும் நேராக அங்கே போகலாம். பிரெஃபரன்ஸில் அன்டூ அமைப்புகள் இருக்கும் பக்கத்தில், ஹிஸ்டரியை பிராஜெக்டோடு சேவ் செய் என்ற ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால் நாளைக்குத் திறந்தாலும் பின்னால் போகலாம். பல ரீடூ பாதைகளை வைத்திரு என்பதையும் ஆன் செய்தால், பின்னால் போய் வேறு ஒன்று செய்தாலும் பழைய கிளை அழியாது. அதே பக்கத்தில் செலக்‌ஷன் மாற்றங்களையும் அன்டூவில் சேர் என்று இருப்பவற்றை நான் ஆஃப் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் சும்மா கிளிக் செய்ததெல்லாம் ஒரு படியாக நிற்கும். பதிவை அன்டூ செய்தாலும் பதிந்த ஃபைல் டிஸ்கில் அப்படியே கிடக்கும் என்பதும் நல்லது. ஆனால் கிளீன் பிராஜெக்ட் டைரக்டரி என்பதை வேலை முடியும் முன்னால் தொடாதீர்கள். இப்போது பயன்படாத ஃபைல்களை அது துடைத்துவிட்டால், பின்னால் போகும்போது படி இருக்கும், ஒலி இருக்காது.

டீச்சருக்கு லூப்பாகக் கொடுக்காமல் ஆறு நிமிடமும் நீட்டிய ஒரே ஃபைலாகக் கொடுத்தேன். அவர் போனில் எம்பி 3 தான் ஓடும். ஒரு குட்டி எம்பி 3 லூப்பை ரிப்பீட்டில் போட்டால் எவ்வளவு கச்சிதமாக வெட்டியிருந்தாலும் பெரும்பாலும் இடையில் தடுக்கும். எம்பி 3 ஒலியை 1152 சாம்பிள் கட்டுகளாகத்தான் கட்டும், நிரம்பாத கடைசிக் கட்டை அமைதியால் நிரப்பும், முன்னாலும் கொஞ்சம் அமைதியைச் சேர்க்கும். எம்பி 3 ஆக்கித் தரும் லேம் என்கோடரில் முன்னால் 576 சாம்பிள், திரும்பப் பிரிக்கும்போது இன்னும் 529, இரண்டும் சேர்ந்து 23 மில்லிசெகண்டு. கோலாட்டத்தில் ஒரு கம்பு தவற அது போதும். எனக்கு வேண்டிய லூப் வேவ் ஃபைலாகவே இருக்கிறது.

இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு 85 வேகத்தில் ஒன்று வேண்டுமாம். சுருதி மாறாமல் இழுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு அடியும் இரண்டாகப் பிளந்து கொழகொழவென்று விழுகிறது. டேப் போல அப்படியே மெதுவாக ஓட்டினால் தவில் ஏறக்குறைய மூன்று அரைக்கட்டை இறங்கிவிடுகிறது. அண்ணனிடம் கேட்டேன். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் ஒரு மத்தியானம் வருகிறேன் என்றிருக்கிறார். ஆச்சியிடம் சாவிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.